அழாதவளின் வியாழக்கிழமைகள்

செப்டம்பர் 11, திங்கள்

காலையில் இமெல்டாவுக்கு வகுப்பு. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் நர்ஸ். ஷெல்டெ ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து ரவுண்டானாவில் நுழைந்தவள் எந்த வழியில் வெளியேறுவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். "விட மாட்டேங்குதே அர்லெட், பேசாம இங்கயே ஒரு வீடு கட்டிக்கலாமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். பின்னால் எவனோ ஹாரனை அழுத்தினான். அதற்கும் சிரித்தோம்.

நடைபாதையில் நின்ற கத்ரைன் இதைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா போயி ரெண்டு மாசம்தாம்மா ஆகுது. நடு ரோட்டுல அப்படி சிரிக்கிற."

"ரவுண்டானால," என்றேன். தப்பான பதில்.

"நீ ஒரு தடவையாவது அழுதியா? அடக்கத்தன்னிக்குக்கூட உன் கண்ணு காஞ்சுதான் கெடந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. யார்கிட்டயாவது போயி பேசும்மா. ஆலோசகர் யாராவது. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் வரப்போறதில்ல."

என் ஒரே மகள். முப்பத்து நான்கு வயது. ரொன்ஸெயில் இருக்கிறாள், இங்கிருந்து காரில் கால் மணி நேரம். அவளுடைய அப்பா ஃபிர்மின் மேல் அவளுக்கு உயிர்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். இது ஒரு நோயா?

செப்டம்பர் 12, செவ்வாய்

விடிந்ததும் ஓமெர் வந்துவிட்டார், ஃபிர்மினின் பந்தயப் புறாக்களுக்குத் தீனி போட. போட்டுவிட்டு நேராக என் சமையலறைக்கு வந்து ஃபிர்மினின் நாற்காலியில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்தார். புறாக் கிளப்பில் ஃபிர்மினுக்கு உயிர் நண்பர். நல்ல மனிதர். ஆனால் தினமுமா?

செப்டம்பர் 21, வியாழன்

போனேன். கத்ரைனுக்காகப் போனேன், எனக்காக இல்லை — அதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே ரப்பர் வாசனை. ஆலோசகர் பெயர் யோரிஸ். கத்ரைனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். "டாக்டர்" என்றேன். "டாக்டர் இல்ல, யோரிஸ் போதும்" என்றார். எனக்கு முன்னால் மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அதை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

"உங்கள யாரு அனுப்பினாங்க?"

"என் மக."

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"நான் அழணுமாம்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அவ ஞாயித்துக்கிழமை சாப்பிட வரணும்."

"ரெண்டுமே அவங்களப் பத்தினதா இருக்கு. உங்களுக்கு?"

"எங்களுக்கு ஒரு குறையும் இல்ல," என்றேன்.

"எங்களுக்குன்னா யாருக்கு?"

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. இந்த மௌனம் எனக்குத் தெரியாதா! மேட்டில் வண்டியை அணைத்துவிட்டுத் திணறுகிற மாணவர்களிடம் நானும் இதைத்தான் செய்வேன். வாயைத் திறக்காமல் இருந்தால் அவர்களே கிளட்சைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது தம்பி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பலித்துவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன்: நான் "நான்" என்று தொடங்கிக் கடைசியாக எப்போது பேசினேன்? எங்களுக்குத் தெற்கத்தி வெயில் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் வெளியூர் போவதில்லை. எங்களுக்கு மீன் பிடிக்காது.

எனக்கு மீன் பிடிக்காதா?

செப்டம்பர் 23, சனி

நாக்கு மீன் வாங்கி வெண்ணெயில் பொரித்தேன். எலுமிச்சை பிழிந்து, மெழுகுவர்த்திகூட ஏற்றி, ராணி மாதிரி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் ஃபிர்மின் சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுப் பூனைக்கு நல்ல நாள்.

அக்டோபர் 5, வியாழன்

மீன் கதையைச் சொன்னேன். யோரிஸ் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரிப்பார் என்று நினைக்கவில்லை.

பிறகு ஒரு தவறு செய்தார். "சில பேருக்குத் துக்கம் தள்ளிப் போகும். நீங்க அதத் தள்ளிப் போட்டுட்டிருக்கீங்களோ?" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"அழுதா துக்கம். அழலன்னா தள்ளிப்போட்ட துக்கம். அப்ப நான் எப்படி இருந்தாலும் நீங்கதான் ஜெயிப்பீங்க. இது என்ன விளையாட்டு?"

"நீங்க சொல்றது நியாயம். அந்தக் கேள்விய நான் திரும்ப எடுத்துக்கறேன்," என்றார்.

அப்படிச் சொல்கிற ஆணை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதன் பிறகு நான் சொல்லிக்கொண்டே போனேன். ஃபிர்மின் நல்லவர். ஊருக்கே நல்லவர். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சனி ஞாயிறுகளில் எங்கள் வீடு கோயில் மாதிரி. பிரான்சின் தெற்கே எங்கோ திறந்துவிட்ட பந்தயப் புறாக்கள் திரும்பி வரும் நேரம். பேசக் கூடாது. கதவைச் சாத்தக் கூடாது. கொடியில் துணி காயப்போடக் கூடாது, படபடத்தால் புறா இறங்கப் பயப்படும். நான் ஒரு நாற்காலியை இழுத்தால்கூடத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைப்பார். கோபமாக இல்லை. சிரித்த முகத்தோடு. கல்யாணமான நாள் முதல் அந்த விரல்.

"அந்த விரலுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்டார் யோரிஸ்.

"பதிலா? பேசக் கூடாதுன்னுதானே விரலு."

அக்டோபர் 15, ஞாயிறு

படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, திரைச்சீலை — எல்லாவற்றையும் துவைத்துக் கொடியில் போட்டேன். நல்ல காற்று. என்ன படபடப்பு!

அக்டோபர் 19, வியாழன்

யோரிஸிடம் போவதற்கு முன்பே, காலையில், ஓமெரிடம் சொல்லிவிட்டேன். காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே.

"ஓமெர், எனக்கு இந்தப் புறாக்கள் வேண்டாம். நல்ல இடமா பாத்துக் கொடுத்துடுங்க. கூண்டையும் பிரிச்சுடப்போறேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அர்லெட், நீ என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா? இதுங்க ஃபிர்மினோட ரத்தம்."

"இல்ல. புறாவோட ரத்தம்."

"கிளப்புல நான் எப்படி முகத்தக் காட்டுவேன்? அவன் பேர்ல இன்னும் பத்து வருஷம் பறக்கும்டி இந்த வம்சம்!"

"பறக்கட்டும். வேற கூரையில இருந்து பறக்கட்டும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காப்பி பாதி அப்படியே இருந்தது. என் குரல் நடுங்கவில்லை, அதைக் கவனித்தேன்.

யோரிஸிடம் சொன்னபோது "என்ன வேணும்னு கேட்டேனே, இதுவா அது?" என்றார்.

"இது வேண்டாததோட பேரு. வேணுங்கறது இன்னும் வரல."

"அவசரமில்ல," என்றார். எனக்கு அவசரம்தான். அறுபத்தொன்று ஆகிறது.

அக்டோபர் 28, சனி

ஓமெர் கோபம் ஆறி, ஈப்பரில் ஒருவருக்கு நான்கு புறாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாள் முன்னால். இன்று காலை ஜன்னலைத் திறக்கிறேன், நான்கும் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றன, வாடகை கொடுத்தவர்கள் மாதிரி.

ஓமெருக்குப் போன் போட்டேன். "வெளிய விடாதடான்னு அந்த முட்டாள்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும். வயசான புறாக்களை வேறு கூண்டுக்குப் பழக்கவே முடியாதாம், அடைத்துத்தான் வைக்க வேண்டுமாம். குஞ்சாக இருக்கும்போதே எடுத்துப் போனால்தான் அந்த வீட்டைத் தன் வீடு என்று நினைக்குமாம். "இது உனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் இந்த வீட்டுலதான இருந்த!" என்றார்.

தெரியாது. யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நவம்பர் 1, புதன்

சகல புனிதர் நாள். ஊரே கல்லறையில். கையில் செவ்வந்தித் தொட்டி இல்லாத ஆளே இல்லை. ஃபிர்மினின் கல்லுக்கு முன்னால் ஒரு கூட்டம், எல்லாம் கிளப் ஆட்கள். கத்ரைன் அழுதுகொண்டிருந்தாள். யாரோ ஒரு அம்மாள் என் கையில் கைக்குட்டையைத் திணித்தாள். கல்லில் மண் தெறித்திருந்தது. துடைத்தேன்.

"அந்தக் கல்ல விடும்மா," என்றாள் கத்ரைன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து ஓமெர், சூழ்நிலையை லேசாக்க வேண்டும் என்று நினைத்து, அந்த நான்கு புறா கதையை எடுத்துவிட்டார். ஈப்பரிலிருந்து எப்படித் திரும்பி வந்தன, நான் ஜன்னலில் எப்படி முழித்தேன் என்றெல்லாம். கத்ரைனுக்கு அப்போதுதான் தெரியும், புறாக்கள் போகின்றன என்று.

எல்லார் முன்னாலும் சொன்னா — "அப்பாவ ரெண்டாவது தடவ புதைக்கிறியாம்மா?"

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. துடைச்சுக்கிட்டே இருந்தேன். வாயில வார்த்தையே வரல. ஊருக்கே வழி சொல்ற வாய். அவ போயிட்டா. செவ்வந்தித் தொட்டிகூட அவ கையிலயே இருந்துச்சு, அதோடவே போயிட்டா. என்னத்தச் சொல்றது? அவகிட்ட என்னத்தச் சொல்லியிருக்கணும்? நான் அந்த மனுஷன வெறுக்கலடி, வெறுக்கவே இல்ல. அத யாருகிட்டச் சொல்ல.

நவம்பர் 9, வியாழன்

யோரிஸ் முழுவதையும் கேட்டார். "கத்ரைனுக்கு எவ்வளவு தெரியும்?" என்றார்.

"எதப் பத்தி?"

"விரல் பத்தி. துணிக்கொடி பத்தி. நீங்க எனக்குச் சொன்னதுல எதாவது?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? அவளுக்கு அவ அப்பா. ஒரு நல்ல அப்பா இருந்தாரு, அது அவளுக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

"உங்க காருல உங்க பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குமில்ல? எப்ப மிதிப்பீங்க?"

"ஆபத்துன்னா மட்டும். சும்மா சும்மா மிதிச்சா அவங்க ஓட்டவே கத்துக்க மாட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி. சொல்லியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

படியிறங்கும்போது கோபமாகத்தான் இறங்கினேன். கத்ரைன் பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேனா? அவள் எங்கேயும் மோதிவிடக் கூடாது என்று. அவளுக்கு என்னைத் தெரியவே தெரியாமல் போனதற்கு இதுதான் காரணமா?

நவம்பர் 18, சனி

இமெல்டா உரிமத் தேர்வில் தேறிவிட்டாள். அதே ரவுண்டானா. முதல் சுற்றிலேயே வெளியே வந்தாளாம். தேர்வாளரைக் கட்டிப்பிடிக்கப் போனாளாம், அவர் பயந்துவிட்டாராம்.

நவம்பர் 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ரொன்ஸெக்கு நானே பேருந்தில் போனேன். கதவைத் திறந்தவள் "என்ன?" என்றாள். "உன் கார எடு, கொஞ்ச தூரம் போலாம்," என்றேன். எனக்கு மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேச வராது. காரில் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினால் வரும். கத்ரைனுக்கும் அப்படித்தான். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

தூறல். குவாரெமான்ட் மேட்டுப் பக்கம் ஓட்டினாள். அவளுடைய காரில் என் பக்கத்தில் பிரேக் இல்லை. ஆனாலும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

"நான் ஏன் அழலன்னு கேட்டியே. சொல்றேன். உங்கப்பா கெட்டவரு இல்ல. என்னத் திட்டினதில்ல, கை நீட்டினதில்ல. ஆனா அந்த வீட்டுல நான் தனியாத்தான் இருந்தேன் கத்ரைன். அவரு செத்தப்ப எனக்கு மொதல்ல வந்தது அழுகை இல்ல. ஒரு நிம்மதி. இனிமே சனிக்கிழமை நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரலாம்னு ஒரு நிம்மதி. அதுக்கு நான் வெக்கப்படல. ஆனா உன்கிட்ட மறைச்சா நீ என்னக் கல்லுன்னு நினைச்சுட்டே இருப்ப."

அவள் ஓரமாக நிறுத்தினாள். துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றாள்.

"இருந்திருக்கலாம்."

"அவரு உன்ன நேசிச்சாரும்மா."

"தெரியும். புறாவுக்குத் தண்ணி வச்சதுக்கு அப்புறம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீ எறங்கிக்கறியா? நான் கொஞ்சம் தனியா ஓட்டணும்."

இறங்கினேன். சொந்த அம்மாவை மழையில், கல் பாவிய மேட்டில் இறக்கிவிட்டாள். கிளம்பும்போது கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்துத்தான் எடுத்தாள். அழுதுகொண்டே. நன்றாகத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

கீழே காப்பிக் கடை வரை நடந்தேன். பேருந்துக்குக் காத்திருந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். பசித்தது. அரிசிப் பால் கேக் ஒரு துண்டு சாப்பிட்டேன். ஏனோ தெரியவில்லை, வருடக்கணக்கில் உடம்பு இவ்வளவு லேசாக இருந்ததில்லை. மகள் போய்விட்டாள், உடம்பு லேசாக இருக்கிறது. இரண்டும் உண்மை.

டிசம்பர் 6, புதன்

வாசல் படியில் ஒரு பொட்டலம். உள்ளே பெரிய ஸ்பெகுலோஸ் பிஸ்கட், இன்று குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலாஸ் உருவத்தில். சீட்டு இல்லை. மணியும் அடிக்கவில்லை. ரொன்ஸெ ரொட்டிக் கடையின் காகிதம்.

தாடியை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தை வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 14, வியாழன்

யோரிஸிடம் சண்டை போடத் தயாராகப் போனேன். "உங்க பிரேக் கதையக் கேட்டுத்தான் மகள இழந்துட்டு நிக்கறேன்," என்றேன்.

"நான் சொன்னதாலயா பேசினீங்க?"

ஆமாம் என்று சொல்ல வசதியாக இருந்தது. சொல்ல முடியவில்லை. "இல்ல. நானாத்தான் பேசினேன்."

"வருத்தமா இருக்கா?"

"புறா, தண்ணின்னு சொன்னது வருத்தமா இருக்கு. மத்தது இல்ல."

"அப்ப அத மட்டும் அவங்ககிட்டச் சொல்லலாம்," என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்து போனை எடுத்து அவளுடைய பதிவு இயந்திரத்தில் சொன்னேன்: "கத்ரைன், நான் கடைசியா சொன்ன ஒண்ணு குத்தறதுக்காகச் சொன்னது. அத வாபஸ் வாங்கிக்கறேன். மத்தத வாங்கிக்கல." வைத்துவிட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

தனியாக. சோகமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. மாட்டிறைச்சியைப் பியரில் மெதுவாக வேகவைத்து உருளைக்கிழங்கு வறுவலோடு சாப்பிட்டேன். மத்தியானம் ஓமெரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஓமெர் பழக்க தோஷத்தில் ஃபிர்மினின் நாற்காலிக்குப் போனார், நான் அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் திகைத்து, வேறொன்றை இழுத்துக்கொண்டார். கத்ரைன் வரவில்லை. அவள் இடத்தில் ஒரு தட்டு வைத்திருந்தேன், அதை யாரும் கவனிப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

ஜனவரி 13, சனி

கத்ரைன் வந்தாள்! எழுதுவதற்குக் கை பரபரக்கிறது, வரிசையாக எழுதுகிறேன்.

மணி அடித்தது. உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், "அந்த யோரிஸுக்குப் போன் பண்ணேன்," என்றாள்.

"எதுக்கு?"

"நீ என்ன சொல்றன்னு கேக்கறதுக்கு. என்ன ஆளும்மா அந்தாளு! ஒரு வார்த்தை வாங்க முடியல. நீ அங்க போறதக்கூட ஒத்துக்க மாட்டேங்கறாரு. 'அத உங்க அம்மாகிட்டயே கேளுங்க'ன்னு மட்டும் சொன்னாரு, மூணு தடவ."

"கேளேன்."

உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத்தான் நீ அவரோட இருந்தியா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை நாள் அவள் சுமந்துகொண்டிருந்தது இதுதான். நான் அழாதது அல்ல.

"இல்ல," என்றேன். "உனக்காக இல்ல. அந்தச் சுமைய நீ தூக்காத. போகணும்னு எனக்குத் தோணினதே இல்ல, அதான் உண்மை. எனக்கு என்ன வேணும்னு யோசிக்கவே தெரியல, அவ்வளவுதான்."

"ஒரு நல்லதுகூட இல்லையா அவர்கிட்ட?"

யோசித்தேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "பனி பெய்யற காலத்துல காலையில எனக்கு வகுப்பு இருக்கும். நான் எழுந்திரிக்கறதுக்குள்ள என் காரு கண்ணாடியில இருக்கற பனியெல்லாம் சுரண்டி, இன்ஜினப் போட்டு, உள்ள சூடா வச்சிருப்பாரு. ஒரு நாளும் தவறினதில்ல. அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதும் இல்ல. புறாவுக்குத் தீனி வைக்கறதுக்கு முன்னால அதச் செய்வாரு, கத்ரைன். முன்னால. நான் அன்னிக்குச் சொன்னது பொய்யுங்கூட."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யோரிஸிடம்கூட. ஏனென்று தெரியவில்லை. என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் நான் ஏன் அழவில்லை என்றுதான் கேட்டார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று என்னை யாரும் கேட்கவில்லை, ஊருக்கே தெரியும் என்பதால்.

கத்ரைன் அழுதாள். என் குரலும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சளிக்காய்ச்சல் பரவுகிறது, அதுவாகவும் இருக்கலாம்.

சாப்பிட்டுவிட்டுப் போனாள். போகும்போது தோட்டத்துப் பக்கம் போய்க் கூண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஜனவரி 18, வியாழன்

யோரிஸிடம் சொன்னேன், பனி சுரண்டியது பற்றி. அவர் கண்கள் பளபளத்தன. ஜன்னல் ஓரத்திலிருந்த பெட்டியை எடுத்து அவர் பக்கம் தள்ளிவைத்தேன். "நீங்களும் மனுஷந்தானே," என்றேன்.

மார்ச் 9, சனி

குஞ்சு விஷயத்தை ஓமெர் கத்ரைனிடமும் சொல்லியிருந்தார், அவள் மறக்கவில்லை. தன் தோட்டத்தில் சின்னதாக ஒரு கூண்டு கட்டியிருக்கிறாள், ஓமெரின் மேற்பார்வையில். இன்று இருவரும் வந்து, இப்போதுதான் இறகு முளைத்த குஞ்சுகளை எடுத்துப் போனார்கள். கிழடுகளை ஓமெர் தன் வீட்டில் அடைத்து வைத்துக்கொள்ளப் போகிறார்.

"உனக்கு ஒண்ணு வேணுமாம்மா? ஒண்ணே ஒண்ணு?" என்றாள் கத்ரைன், குஞ்சைக் கையில் பொத்திக்கொண்டு. அப்படியே ஃபிர்மினின் கை.

"எனக்கு வேண்டாம். உனக்கு வேணும். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

ஓமெர் தலையை ஆட்டினார். "உங்கம்மா அந்த வியாழக்கிழமைக்காரன்கிட்டப் போக ஆரம்பிச்சதுல இருந்து வக்கீல் மாதிரி பேசறா."

மார்ச் 21, வியாழன்

"வேணுங்கறது வந்துடுச்சு," என்று யோரிஸிடம் சொன்னேன்.

இத்தனை வருடம் நான் காரில் உட்கார்ந்ததெல்லாம் வலப்பக்கம், சொல்லிக்கொடுப்பவர் இருக்கையில். இந்த ஊரின் அதே தெருக்களில், மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், அடுத்தவர் ஓட்ட. நான் ஓட்ட வேண்டும். தூரமாக. எப்போது திரும்புவது என்று முடிவு செய்யாமல்.

"எங்க போறீங்க?"

"வடக்க. எங்க வீட்டுல — என் வீட்டுல — தெற்க இருக்கற ஊருப் பேருதான் கேட்டுக் கேட்டு மனப்பாடம், புறா அங்கருந்துதான வரும். வடக்க ஒரு பேரும் தெரியாது. அதனால வடக்க."

அவர் நான் திருத்திக்கொண்டதைக் கவனித்தார். சிரித்தார்.

ஏப்ரல் 25, வியாழன்

கடைசி வியாழன். நான்தான் சொன்னேன், போதும் என்று. அவரும் போதும் என்றுதான் நினைத்தாராம், ஆனால் நான் சொல்லக் காத்திருந்தாராம். அதே மேட்டு வித்தை. கை குலுக்கினோம். "மறுபடி எப்பவாவது தோணுச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். "தோணினா வருவேன், வெக்கப்பட மாட்டேன்," என்றேன்.

கீழே சைக்கிள் கடைக்காரர் "என்ன மேடம், இந்தப் பக்கமே வந்துட்டிருக்கீங்க, ஒரு சைக்கிள் வாங்கலாமே?" என்றார். கொஞ்சம் யோசித்துத்தான் வேண்டாம் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

டிரைவிங் பள்ளியில் கோடை முழுவதற்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை கிளம்புகிறேன். கத்ரைன் சாப்பிட வந்தாள். "ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்ல மாட்டேன்," என்று அரைமணிக்கு ஒரு தடவை சொன்னாள்.

ஜூன் 15, சனி

ஸ்வீடன். பெயரை வாயில் நுழைக்க முடியாத ஒரு ஏரி. காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், வெளியே கொசு.

காலையிலிருந்து ஓட்டம். காடு, காடு, திடீரென்று ஒரு தண்ணீர், மறுபடி காடு. மத்தியானம் கத்ரைன் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"வந்துடுச்சும்மா! என்னோடது! மொதல் பந்தயம், கிளப்புல ஏழாவது! ஓமெர் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் ஓடியே போயிடுச்சு." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, மறுமுனையில் விசும்பல் கேட்டது. "அவரு இத பாக்கலையேம்மா."

பழைய நானாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன், அங்கே வானிலை எப்படி என்று கேட்டிருப்பேன். இன்று வண்டியை ஓரமாக நிறுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். ஏரியில் யாரோ இருவர் நிதானமாகப் படகு வலித்துக்கொண்டு போனார்கள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"எப்பம்மா வருவ?"

"எனக்கு இன்னும் தெரியல கத்ரைன்."

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"சரி. பாத்து ஓட்டும்மா," என்றாள்.

ஊர் பாதிக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவளிடம்! சரிம்மா என்றேன். பார்த்துத்தான் ஓட்டினேன்.